கிறிஸ்மஸ் தாத்தாவும் நம் வீட்டுப் பூச்சாண்டியும்



இங்கிலாந்தில் கணவரோடும் பிள்ளைகளோடும் வாழ்ந்து வரும் நம்மூர்ச் சகோதரி ஒருவர் கேட்டனுப்பியுள்ள கேள்வி இது. அவருடைய மகனுக்கு ஆறு வயது. டிசம்பர் பிறந்துவிட்டால் அவன் படிக்கும் பள்ளிக்கூடத்தில் வேறு பேச்சே கிடையாதாம். சிவப்பு அங்கி அணிந்த வெண்தாடிக் கிழவர் ஒருவர் வடதுருவத்திலிருந்து மான்கள் பூட்டிய வண்டியில் வானத்தில் பறந்து வருவார். ஒரே இரவில் எல்லாப் பிள்ளைகளின் வீடுகளிலும் புகைபோக்கி வழியாக இறங்கி, நல்ல பிள்ளைகளுக்குப் பரிசு வைத்துவிட்டுப் போவார் என்று ஆசிரியையும் சொல்கிறார், உடன் படிக்கும் பிள்ளைகளும் சொல்கிறார்கள். பையன் வீட்டுக்கு வந்து, "உம்மா, அவர் உண்மையிலேயே இருக்கிறாரா?" என்று கேட்டிருக்கிறான்.

"இல்லை என்று சொன்னால் அதை அவன் பள்ளியில் போய்ச் சொல்லிவிடுவான். மற்றப் பிள்ளைகள் அழுவார்கள், அவர்களுடைய தாய்மார்கள் என் மீது வருத்தப்படுவார்கள். இருக்கிறார் என்று சொன்னால் நான் பொய் சொன்னவளாகிறேன். சின்னப் பிள்ளைதானே, இரண்டொரு வருடம் நம்பிவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிடலாமா?" என்கிறார் சகோதரி.

கடல் கடந்து வாழ்பவர்களின் பிரச்சினை என்று இதைத் தள்ளிவிட முடியாது. நம் ஊர்களிலும் ஆங்கிலப் பள்ளிகள் பலவற்றில் டிசம்பர் மாதம் வேடமிட்ட தாத்தா வந்து மிட்டாய் கொடுக்கிறார். பெரிய கடைகளின் வாசலில் மணியாட்டிக்கொண்டு நிற்கிறார். நம் வீட்டுப் பிள்ளைகளும் அவரோடு கைகுலுக்கிவிட்டு வருகிறார்கள்.

இந்தத் தாத்தா யார் என்று முதலில் தெரிந்துகொள்வது நல்லது. கி.பி. நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மீரா என்ற ஊரில் நிக்கோலஸ் என்ற கிறிஸ்தவ மதகுரு வாழ்ந்ததாகக் கூறுவர். மூன்று பெண்மக்களைக் கட்டிக் கொடுக்க வழியின்றித் தவித்த ஏழைத் தகப்பன் ஒருவனின் வீட்டுக்குள் இரவோடிரவாகப் பொற்காசு முடிப்புகளைப் போட்டுவிட்டுப் போனார் என்பது அவரைப் பற்றிய கதை. (அந்தப் பாழும் கைக்கூலி அந்த நாளிலேயே அங்கேயும் இருந்திருக்கிறது, பாருங்கள்!) டச்சுக்காரர்கள் அவரைச் 'சின்டர்கிளாஸ்' என்று அழைத்துக் கொண்டாடினார்கள். அந்தப் பெயர் அமெரிக்காவில் 'சான்டா கிளாஸ்' ஆயிற்று. 1823-இல் நியூயார்க் மாநிலத்துப் பத்திரிகை ஒன்றில் வெளியான ஒரு பாட்டு அவருக்கு எட்டு மான்களைக் கொடுத்துப் புகைபோக்கியில் இறக்கியது. 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்ற சித்திரக்காரர் அவருக்கு உருவம் கொடுத்தார். 1931 முதல் கோகோ கோலா நிறுவனம் தன் விளம்பரங்களில் அந்த உருவத்தை உலகமெங்கும் கொண்டு சென்றது. பைபிளில் இவர் இல்லை. கிறிஸ்தவர்களிலேயே இவரை வெறுப்பவர்கள் உண்டு. 1951 டிசம்பரில் பிரான்சு நாட்டின் டிஷோன் நகரில், இவருடைய உருவப் பொம்மையைத் தேவாலயத்தின் முன்னே, ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் பார்த்திருக்கக் கொளுத்தினார்கள். நாம் யாருடைய பொம்மையையும் கொளுத்த வேண்டியதில்லை. நம் வீட்டுக்குள் நாம் என்ன சொல்கிறோம் என்பதே நம் கேள்வி.

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) அவர்கள் சிறு பையனாக இருந்த போது நடந்ததைத் தாமே அறிவிக்கிறார்கள். அபூதாவூதிலும் முஸ்னத் அஹ்மதிலும் அது பதிவாகியுள்ளது. பெருமானார் (ஸல்) அவர்கள் அவர்களுடைய வீட்டில் அமர்ந்திருந்தார்கள். அப்போது தாயார் மகனை, இங்கே வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று கூப்பிட்டார்கள். உலகத்தில் எந்தத் தாய் இப்படிக் கூப்பிடவில்லை? நம் வீடுகளில் நாளொன்றுக்குப் பத்துத் தடவை நடப்பது. ஆனால் நபியவர்கள் அதைக் கேட்டும் கேளாதவர்களாக இருந்துவிடவில்லை. அவனுக்கு என்ன கொடுக்க நாடியிருந்தாய் என்று விசாரித்தார்கள். பேரீச்சம்பழம் என்றார்கள் அந்தத் தாய். அப்படி நீ எதுவும் கொடுக்காமல் இருந்திருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்று நபியவர்கள் எச்சரித்தார்கள். இதன் அறிவிப்பாளர் தொடரில் பெயர் சொல்லப்படாத ஒருவர் இருப்பதை ஹதீஸ்கலை வல்லுநர்கள் குறிப்பிடுவதுண்டு. ஆயினும் அபூஹுரைரா (ரலி) வாயிலாக வரும் மற்றோர் அறிவிப்பு இதற்குத் துணை நிற்கிறது.

சற்றே சிந்தித்துப் பாருங்கள். ஒரே ஒரு பேரீச்சம்பழம்! கேட்பவனோ வழக்குப் போடவோ சாட்சி சொல்லவோ இயலாத சிறுவன். ஏமாந்தாலும் ஐந்து நிமிடத்தில் மறந்துவிட்டு விளையாடப் போய்விடுவான். அப்படிப்பட்டவனிடம் சொல்லப்படும் பொய்யும் ஏட்டில் எழுதப்படுகிறது என்றால், 'சின்னப் பிள்ளைதானே' என்ற வார்த்தைக்கு மார்க்கத்தில் இடம் எங்கே இருக்கிறது? பிணங்கியவர்களைச் சேர்த்து வைப்பது, போர், கணவன் மனைவிக்கிடையே பேசும் இதமான பேச்சு ஆகிய மூன்றில்தான் சலுகை காட்டப்பட்டதாக உம்மு குல்தூம் (ரலி) அவர்கள் வழியாக வந்துள்ளது. பிள்ளைகளை மகிழ்விப்பது அந்தப் பட்டியலில் இல்லை.

இந்த இடத்தில் சிலர் கேட்பார்கள்: "ஹஜ்ரத், பிள்ளைகளுக்குக் கற்பனையே கூடாதா? கதை சொல்லக் கூடாதா? அவர்களைக் கிழவர்களாக்கிவிடச் சொல்கிறீர்களா?" நியாயமான கேள்வி. இதற்கும் நபியவர்களின் வீட்டிலேயே விடை இருக்கிறது.

தபூக்கிலிருந்தோ கைபரிலிருந்தோ (அறிவிப்பாளருக்கு அதில் ஐயம்) நபியவர்கள் திரும்பி வந்த நேரம். காற்றில் திரை விலக, ஆயிஷா (ரலி) அன்னையாரின் பொம்மைகள் தெரிந்தன. அவற்றின் நடுவே துணியால் இரண்டு சிறகு வைத்த ஒரு குதிரை. இது என்ன என்று கேட்டார்கள். குதிரை என்றார்கள் அன்னையார். அதன் மேல் இருப்பது என்ன என்றார்கள். சிறகுகள் என்றார்கள். குதிரைக்குச் சிறகா என்று நபியவர்கள் வியந்து கேட்க, சுலைமான் நபியிடம் சிறகுள்ள குதிரைகள் இருந்தன என்று தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் திருப்பிக் கேட்டார்களாம். கடைவாய்ப் பற்கள் தெரியும் அளவுக்குச் சிரித்தார்கள் நம் நாயகம். இதுவும் அபூதாவூதில் உள்ளதுதான். குதிரைக்குச் சிறகேது என்று அந்தத் துணிச் சிறகை யாரும் பிய்த்துப் போடவில்லை.

அந்த விளையாட்டில் பொய் எங்கே இருக்கிறது? எங்கும் இல்லை. அது துணி என்பது அன்னையாருக்கும் தெரியும், நபியவர்களுக்கும் தெரியும். இருவரும் அறிந்தே விளையாடுவது விளையாட்டு. ஒருவர் மட்டும் அறிந்திருக்க, மற்றவரை நம்பவைப்பதற்குப் பெயர் வேறு. "ஒரு ஊரிலே ஒரு ராஜா இருந்தாராம்" என்று நன்னிமா தொடங்கும்போதே, இது கதை என்று பிள்ளைக்குத் தெரிந்துவிடுகிறது. அந்த 'ஆம்' என்ற ஒலியே அதைச் சொல்லிவிடுகிறது. மூன்று வயதுப் பிள்ளை தென்னை மட்டையில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "வாப்பா, என் குதிரை ஓடுது பாருங்க" என்றால், "ஆமாம், பறக்கிறதே!" என்று சொல்லுங்கள். குற்றமில்லை. சொல்பவனுக்கும் அது மட்டை என்று தெரியும்.

கிறிஸ்மஸ் தாத்தா விஷயத்தில் நடப்பது இதுவன்று. மேற்கு நாடுகளில் வீட்டுக்கு வீடு தாத்தாவுக்கென்று பாலும் பிஸ்கட்டும் வைக்கிறார்கள். பிள்ளை உறங்கிய பிறகு தகப்பன் எழுந்து வந்து அதில் பாதியைத் தின்றுவிட்டு, மீதியைச் சாட்சியாக விட்டுவைக்கிறான். கனடா நாட்டுத் தபால் இலாகா தாத்தாவுக்கென்று ஒரு தனிக் குறியீடே ஏற்படுத்தி, பிள்ளைகளின் கடிதங்களுக்கு அவர் பெயரால் பதில் அனுப்புகிறது. வட அமெரிக்காவின் வான்பாதுகாப்புத் துறை 1955 முதல், அந்த இரவில் தாத்தா எந்த நாட்டின் மேலே பறந்துகொண்டிருக்கிறார் என்று ஆண்டுதோறும் அறிவித்து வருகிறது! கேட்கும்போது நமக்கே சிரிப்பு வருகிறது. ஆனால் தாய், தகப்பன், ஆசிரியர், தபால்காரர், அரசாங்கம் எல்லோரும் சேர்ந்து சாட்சி சொன்னால் ஆறு வயதுக் குழந்தை என்ன செய்யும்?

1897-இல் நியூயார்க்கில் வெர்ஜீனியா என்ற எட்டு வயதுச் சிறுமிக்கு இதே சந்தேகம் வந்தது. அப்படி ஒருவர் இல்லை என்று தோழிகள் சொல்லிவிட்டார்கள். தகப்பனாரிடம் கேட்டாள். அவர் 'சன்' என்ற நாளிதழின் மேல் பாரத்தைப் போட்டுவிட்டார். அதில் வந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்றார். அவள் பத்திரிகைக்கு எழுதினாள். தாத்தா இருக்கிறார் என்றே தலையங்கம் தீட்டினார்கள். அன்பும் ஈகையும் உலகில் இருப்பது போலவே அவரும் இருக்கிறார் என்ற கருத்தில் அழகான சொற்களால் எழுதப்பட்ட அந்தத் தலையங்கம் இன்றுவரை மறுபதிப்பாகிக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சிறுமி கேட்டது அன்பைப் பற்றியா? அப்படி ஓர் ஆள் இருக்கிறாரா, இல்லையா என்பதுதான் அவள் கேட்டது. தெரிந்தே தகப்பன் நழுவினார், பத்திரிகையும் நழுவியது.

நேர்மையாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். இந்தப் பொய் தெரிய வந்ததால் அந்நாட்டுப் பிள்ளைகள் எல்லோரும் மனம் உடைந்து போகிறார்கள் என்று சொல்ல முடியாது. 1994-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிள்ளைகள் பெரும்பாலும் ஏழு வயதளவில் தாங்களாகவே கண்டுபிடித்து அதை மகிழ்ச்சியாகவே எடுத்துக்கொண்டதாகவும், வருத்தம் பெற்றோருக்கே அதிகம் இருந்ததாகவும் கண்டார்கள். ஆகவே, பிள்ளை கெட்டே போய்விடும் என்று பயமுறுத்த நான் வரவில்லை. பிள்ளை அழுதானா, சிரித்தானா என்பதை வைத்துப் பொய்யின் கணக்கு எழுதப்படுவதில்லை என்பது ஒன்று. அதைவிட முக்கியமானது மற்றொன்று உண்டு.

நம் பிள்ளைக்கு அல்லாஹ்வைப் பற்றி முதன்முதலில் சொல்பவர் யார்? தாய்தான். அவன் கண்ணால் அல்லாஹ்வைக் கண்டதில்லை. மலக்குகளைக் கண்டதில்லை. சொர்க்கம், நரகம், கேள்வி கணக்கு எதையும் கண்டதில்லை. உம்மா சொன்னார்கள், நம்பினான். அவ்வளவே! மறைவானவற்றை நம்புவதே ஈமானின் அடித்தளமாக இருக்கும் நமக்கு, அந்த நம்பிக்கையைப் பிள்ளையின் உள்ளத்தில் கொண்டு சேர்க்கும் முதற்பாலம் தாயின் நாவு. அதே நாவு, கண்ணுக்குத் தெரியாத இன்னொருவரையும் இருக்கிறார் என்று சொல்கிறது. அவர் எல்லாப் பிள்ளைகளையும் அறிவார், யார் நல்லவன், யார் கெட்டவன் என்று பட்டியல் வைத்திருப்பார், கூலியும் கொடுப்பார்! இவை யாருடைய தன்மைகள்? பிள்ளை ஷிர்க் செய்துவிட்டான் என்று நான் சொல்லவில்லை; அவன் மீது எழுதுகோல் இன்னும் இறங்கவே இல்லை. ஆனால் ஏழு வயதில் 'அந்த ஆள் பொய்' என்று தெரியும்போது, அவன் அதோடு நிறுத்திக்கொள்வான் என்பதற்கு யார் பொறுப்பு?

மக்தபில் ஓதிக் கொடுக்கும்போது நானே கேட்ட ஒரு கேள்வியைச் சொல்கிறேன். ஜின்களைப் பற்றிய பாடம். ஏழெட்டு வயதுச் சிறுவன் எழுந்து நின்று, "ஹஜ்ரத், பூச்சாண்டி மாதிரி ஜின்னும் சும்மா சொல்றதுதானா?" என்றான். மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. குர்ஆனில் ஒரு சூராவே ஜின் என்ற பெயரில் இருக்கிறது. அதையும் சோறு ஊட்டும்போது சொன்ன பூச்சாண்டியையும் அந்தக் குழந்தை ஒரே பையில் போட்டுவிட்டது. போட்டது அவன் குற்றமா? இரண்டையும் சொன்னது ஒரே வாய்!

கிறிஸ்மஸ் தாத்தாவைக் குறை சொல்லும் முன் நம் வீட்டைக் கொஞ்சம் பார்ப்போம். சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான். அழுதால் பிள்ளை பிடிப்பவன் சாக்கில் போட்டுக் கொண்டு போவான். தூங்காவிட்டால் போலீஸ் வரும், ஊசி போடும் டாக்டர் வருவார். அதுவும் பலிக்காவிட்டால், "பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்!" எங்களையும் பூச்சாண்டிகள் வரிசையில் சேர்த்துவிட்டார்கள் நம் தாய்மார்கள். பிறகு மக்தபுக்குப் போக மாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தால் ஆச்சரியமென்ன? அங்கே பரிசு கொடுக்கும் பொய், இங்கே பயம் காட்டும் பொய். எதைச் சொல்லிப் பிள்ளையை நல்வழிப்படுத்துவது என்று கேட்டால், லுக்மான் (அலை) அவர்கள் தம் மகனுக்குச் சொன்னதைக் குர்ஆன் எடுத்துக் காட்டுகிறது. கடுகு விதை அளவான செயல் பாறைக்குள்ளே இருந்தாலும் அல்லாஹ் அதைக் கொண்டு வருவான் என்றார்கள். பட்டியல் எழுதும் கிழவர் அங்கே தேவைப்படவில்லை.

நல்லெண்ணத்தோடு சிலருக்கு வேறொரு யோசனை தோன்றலாம். மற்றப் பிள்ளைகளுக்குத் தாத்தா பரிசு தருகிறாரே, நம் பிள்ளைகள் ஏங்கிப் போகாமல் இருக்க, "பெருநாள் இரவில் மலக்கு வந்து தலையணைக்கடியில் பெருநாள் காசு வைத்துவிட்டுப் போனார்" என்று சொன்னால் என்ன? வேண்டாம், சகோதரிகளே! இது அதைவிடக் கனமானது. மலக்குகள் உண்மையிலேயே இருப்பவர்கள். அவர்கள் செய்யாததைச் செய்ததாகச் சொல்வது மறைவானவற்றின் மீதே புனைந்துரைப்பதாகும். பிள்ளை வளர்ந்து அந்தக் காசை வைத்தது வாப்பா என்று அறியும் நாளில், அவன் தோள்களில் இருந்து எழுதும் மலக்குகளின் கதி என்ன? வாப்பா உழைத்தது, அல்லாஹ் கொடுத்தது என்று சொல்லிக் கையிலேயே கொடுங்கள். புது நோட்டாகக் கொடுங்கள். குறைவாகவா மகிழ்வான்?

பிள்ளையைச் சமாதானப்படுத்துவது தவறன்று. ஆஷூரா நோன்பு நாளில் தங்கள் சிறு பிள்ளைகளையும் நோன்பு பிடிக்க வைத்ததாக ருபய்யிஃ பின்து முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிப்பது புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ளது. பிள்ளை பசியால் அழுதால் என்ன செய்தார்கள்? கம்பளியால் செய்து வைத்திருந்த விளையாட்டுப் பொருளைக் கையில் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை கவனத்தைத் திருப்பினார்கள். அந்தப் பெண்மணிகள் அழுகைக்கு முன்கூட்டியே தயாராக இருந்தார்கள். உட்கார்ந்து ஒரு பொம்மை செய்ய அரைமணி நேரமாகும். பூச்சாண்டி என்று சொல்ல அரை நொடி போதும். நம் பொய்களில் பெரும்பாலானவை சோம்பலில் பிறந்தவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி அந்தச் சகோதரிக்கு. மகனிடம் உண்மையைச் சொல்லுங்கள். ஆனால் ஏளனமாகச் சொல்லாதீர்கள். "ரொம்ப காலத்துக்கு முன்னால் யாருக்கும் தெரியாமல் ஏழைகளுக்கு உதவிய ஒருவர் இருந்தார் என்று அவர்கள் சொல்கிறார்கள். இப்போது வருவது அவரைப் போல் வேடம் போட்டவர். பரிசு வைப்பது அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்தான். நம் வீட்டில் பெருநாளைக்குத்தான் பரிசு" என்று சொன்னால் ஆறு வயதுப் பிள்ளைக்குத் தாராளமாகப் புரியும். கூடவே, மற்றவர்கள் போற்றுவதை ஏசக்கூடாது என்ற குர்ஆனின் ஒழுக்கத்தையும் இந்த இடத்திலேயே கற்றுக் கொடுங்கள். பிறர் வீட்டுப் பிள்ளையிடம் போய்ச் சொல்வது அவன் வேலையன்று. மௌனம் பொய்யாகாது. நேரே கேட்டால், "உன் அம்மாவிடம் கேட்டுக்கொள்" என்று சொல்லச் சொல்லுங்கள். அதையும் மீறி உளறிவிட்டால், பிள்ளையை அடிக்காதீர்கள். உண்மை சொன்னதற்காக அடி வாங்கினான் என்று ஆகிவிடும். அந்தத் தாயிடம் நீங்களே பேசி வருத்தம் தெரிவித்துக்கொள்ளுங்கள். ஆனால் மகனிடம் சொன்னதை மாற்றிச் சொல்லாதீர்கள்.

நம் பெருநாளிலும் பிள்ளைகளிடம் சொல்லப்படும் ஒரு பொய் உண்டு. ஹஜ்ஜுப் பெருநாளைக்குப் பத்து நாள் முன்பே ஆடு வாங்கிக் கொல்லையில் கட்டுகிறோம். பிள்ளை அதற்குக் குழை ஒடித்துப் போடுகிறான், பெயர் வைக்கிறான், கழுத்தைக் கட்டிக்கொள்கிறான். பெருநாளன்று தொழுதுவிட்டு வந்து பார்த்தால் ஆடு இல்லை. "ஆடு எங்கே?" என்று கேட்டால், "அதன் உம்மா வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டது" என்கிறோம். அதே பிள்ளையின் தட்டில் மத்தியானம் கறி!

எந்த நபியின் நினைவாக அந்த ஆட்டை அறுக்கிறோம்? இப்ராஹீம் (அலை) அவர்கள் கனவு கண்டார்கள். மகனோ தம்மோடு நடந்து திரியும் வயதுடைய சிறுவர். வா, காட்டுக்கு விறகு பொறுக்கப் போகலாம் என்று அழைத்துப் போயிருக்கலாம். விளையாட்டுக் காட்டுகிறேன், கண்ணை மூடிக்கொள் என்று சொல்லியிருக்கலாம். அப்படியெல்லாம் செய்யவில்லை. கண்ட கனவை அப்படியே மகனிடம் சொன்னார்கள். சொன்னதோடு நிற்காமல், உன் கருத்து என்ன என்றும் கேட்டார்கள். உலகத்தில் எந்தத் தகப்பனும் தன் பிள்ளையிடம் சொல்லத் துணியாத உண்மை அது! கேட்ட பிள்ளை ஓடவில்லை. கட்டளையிடப்பட்டதைச் செய்யுங்கள், நான் பொறுமையாக இருப்பேன் என்ற கருத்தில் பதில் சொன்னார்கள். வாப்பா பொய் சொல்ல மாட்டார்கள் என்று அறிந்திருந்த பிள்ளையால்தான் அப்படிச் சொல்ல முடியும்.

ஆடு வாங்கி வரும் அன்றைக்கே பிள்ளையிடம் சொல்லிவிடுங்கள்: இது குர்பானிக்காக வாங்கியது, நம்மிடம் இருக்கும்வரை அதற்கு நன்றாகத் தீனி போடுவோம், தண்ணீர் காட்டுவோம், பெருநாளைக்கு அல்லாஹ்வின் பெயர் சொல்லி அறுப்போம். அழுதால் அழட்டும். அழுகைக்கு மார்க்கத்தில் தடையில்லை. அறுக்கும் இடத்துக்கு வர மாட்டேன் என்றால் வற்புறுத்த வேண்டாம். தொழுதுவிட்டு வந்து ஆடு எங்கே என்று கேட்டால், அறுத்தாயிற்று என்று சொல்லுங்கள். ஏழைகளின் பங்கை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கும்போது, அவன் கையிலும் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துக் கூட அழைத்துப் போங்கள்.